மெசவூத்தின் கிணறு: சகாராவின் எண்ணெய் விமான நிலையம் ஒன்றின் வரலாறு

துறைமுகங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்த நகரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பல் வந்தடையும் இடத்திலே பண்டசாலை எழும். பண்டசாலையை அடுத்துக் கடைத்தெரு எழும். கடைத்தெருவை நாடி அயற்கிராமத்தவர் வந்து குடியேறுவர். அந்நியன் தன் தேவைக்கென அமைத்த துறைமுகமும் காலப்போக்கில் அந்நாட்டு மக்களின் சொத்தாகி விடுவதை உலக வரலாற்றிலே பல இடங்களிற் காணலாம். எண்ணெய் வயல்களுக்கென அமைந்த பாலைவன விமான நிலையங்களோ இப்பொது விதிக்குப் புறம்பானவை. அவை அயலை நோக்கித் திறந்த வாயில்கள் அல்ல. அயலைத் தொடாது கடந்து செல்வதற்கென அமைந்தவை. அல்ஜீரியச் சகாராவிலுள்ள ஹாசி மெசவூத் எனும் இடத்து விமான நிலையம் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது. குடியேற்ற ஆட்சி, விடுதலைப் போர், தேசியமயமாக்கம், உள்நாட்டுக் கலவரம் என அந்நாடு கண்ட மாற்றங்கள் யாவும் அதன் ஓடுபாதையைத் தொட்டுச் சென்றுள்ளன. வாயிலின் உடைமையாளர் மாறினர்; வாயில் எதற்காக அமைந்ததோ அந்நோக்கம் மாறிற்றா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஹாசி என்பது சகாராவின் அரபு வழக்கிலே கிணறு எனப் பொருள்படும். மெசவூத் என்பது ஆட்பெயர். அப்பெயர் கொண்ட ஒருவர் தோண்டிய நீர்க்கிணறே ஊர்ப் பெயருக்குக் காரணம் என்பர். சாம்பா எனப்படும் ஒட்டகம் மேய்க்கும் மக்கள் நடமாடிய அந்நிலப்பகுதியில், எண்ணெய் காணப்படுமுன் ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தொலைவிலே உவார்க்லா என்னும் தொன்மையான பாலைச்சோலை உண்டு. பேரீச்சந்தோப்புகளும், மண்ணாற் கட்டிய பழைய நகரும், சகாராவின் குறுக்கே சென்ற வணிகப் பாதைகளின் நினைவும் அதற்குரியவை. தலைநகர் அல்ஜியேசோ வடக்கே நேர்கோட்டில் 600 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. இந்த இரு தொலைவுகளையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஹாசி மெசவூத்தின் வரலாற்றிலே 600 கிலோமீற்றர் அண்மையாகவும் 85 கிலோமீற்றர் சேய்மையாகவும் ஆகிவிட்ட விந்தையை அப்போதுதான் விளங்கிக்கொள்ள இயலும்.

1956ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, 3,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே, அங்கு மசகெண்ணெய் கண்டறியப்பட்டது. துளையிட்டது பிரெஞ்சு அரசின் ஆதரவு பெற்ற எஸ்.என். ரெபால் என்னும் நிறுவனம். வயலின் மற்றொரு பகுதிக்கான உரிமை பிரெஞ்சுப் பெற்றோலியக் கம்பனியின் அல்ஜீரியக் கிளைக்குரியதாயிருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலே லிபிய எல்லையை அடுத்த எஜெலே எனுமிடத்திலும் எண்ணெய் கிடைத்திருந்தது. காலம் கவனிக்கத்தக்கது. 1954 நவம்பர் முதலாந் திகதி தேசிய விடுதலை முன்னணி தன் ஆயுதப் போரைத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது. 1956இன் இறுதியிலே சுயெஸ் நெருக்கடி மூண்டபோது ஐரோப்பா எண்ணெய்க்குத் திண்டாடிற்று. டொலர் கொடுத்து வாங்க வேண்டாத, தன் நாணயத்திலேயே பெறக்கூடிய எண்ணெய் தன் கொடியின் கீழேயே கிடைக்கிறது என்ற மகிழ்ச்சி பிரான்சு முழுவதும் பரவியதில் வியப்பில்லை. 1957 மார்ச்சிலே, அப்போது ஆட்சியில் இல்லாதிருந்த டி கோல் அவர்களும் சகாராவின் எண்ணெய்த் தளங்களைப் பார்வையிட்டுச் சென்றார்.

எண்ணெயைக் கண்டறிதல் ஒன்று. அதை எடுத்துச் செல்லுதல் பிறிதொன்று. வடக்கே மலைப்பகுதிகள் யாவும் போர்க்களமாயிருந்தன. 1958இன் தொடக்கத்திலே, சிறு குழாய்வழியூடாகத் துகூர்ட் வரை கொண்டுவரப்பட்ட எண்ணெய், அங்கிருந்து புகையிரத மூலம் பிலிப்வில் துறைமுகத்தை அடைந்தது. இராணுவக் காவலின்றி அப்புகையிரதம் நகர இயலவில்லை. பூஜி துறைமுகத்துக்கான பெருங்குழாய்வழி 1959இலேதான் நிறைவெய்திற்று. துளையிடும் கோபுரங்களின் பாரிய பாகங்களைத் தரைவழி கொண்டு செல்வதற்கெனப் பெர்லியே நிறுவனம் 1957இலே, அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது எனப் பேசப்பட்ட லொறியை உருவாக்கியது. இரும்பு தரைவழி சென்றது. மனிதரோ வானவழி சென்றனர். பொறியியலாளர், துளையிடுவோர், சமையற்காரர், அவர்களுக்கான இறைச்சி, காய்கறி, கடிதங்கள் யாவும் டி.சி.-3 போன்ற விமானங்களிலே வந்திறங்கின. உவேத் இராரா எனும் வறண்ட ஓடைப் பகுதியிலே அமைந்த விமானத்தளம், தோன்றிய நாள் முதலாகவே, வடக்கின் போரைக் கீழே விட்டு அதன் மேலாகப் பறந்து வருவதற்கான வழியாயிற்று.

கம்பனித் தளங்களிலே குளிரூட்டிய அறைகளும், ஆழ்நிலத்து நீரை இறைத்து வளர்த்த மரங்களும், நீச்சற்குளங்களும் தோன்றின. அக்காலப் பிரெஞ்சுச் சஞ்சிகைகள் பாலைவனத்தை வென்ற மனிதன் எனும் தோரணையில் இவற்றின் படங்களை வெளியிட்டு மகிழ்ந்தன. வென்றது பாலைவனத்தையா, பாலைவனத்தில் வாழ்ந்தோரையா என்னும் வினா அச்சஞ்சிகைகளிலே எழவில்லை. உவார்க்லாவின் தோட்டத்து மனிதனும் சாம்பா இடையனும் இத்தளங்களிலே நாட்கூலிகளாயினர். பயிற்சியும் பதவியும் கடல் கடந்து வந்தன. விமானத்திலிருந்து இறங்குவோன் தொழிலறிந்தவன், நடந்து வருவோன் கூலிக்காரன் என்ற பாகுபாடு அன்றே வேரூன்றி விட்டது.

இதற்கு அரசியல் வடிவமும் கொடுக்கப்பட்டது. 1957 யனவரியிலே நிறைவேறிய சட்டமொன்று சகாராப் பிரதேசங்களுக்கான பொது அமைப்பு ஒன்றை நிறுவிற்று. அதே ஆண்டிலே சகாராவுக்கெனத் தனி அமைச்சும் தோன்றியது. அல்ஜீரியாவின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலான பகுதியை வடக்கினின்றும் வேறுபடுத்தி, அல்ஜீரியா கைநழுவினும் சகாரா கைநழுவாதிருக்க வழிசெய்தலே இதன் உட்கிடை எனலாம். எண்ணெய் மாத்திரமன்று, 1960 பெப்ரவரியிலே றெகான் பகுதியில் வெடிக்கப்பட்ட பிரான்சின் முதல் அணுகுண்டும் இப்பிடிவாதத்துக்குக் காரணமாயிற்று. 1961இல் எவியனிலும் பின்னர் லுக்ரானிலும் நடந்த பேச்சுக்கள் முறிந்ததற்குச் சகாராப் பிரச்சினையே முதன்மையான காரணம். நிலப்பிரிவினையை எதிர்த்து அவ்வாண்டு யூலை 5இல் அல்ஜீரிய மக்கள் நாடளாவிய எதிர்ப்பு நாளை நடத்தினர். செப்டெம்பர் மாதத்துப் பத்திரிகையாளர் மாநாட்டிலே, சுதந்திர அல்ஜீரிய அரசு எதுவாயினும் சகாராவுக்கு உரிமை கோராதிராது என டி கோல் ஒப்புக்கொண்டபின்னரே இணக்கத்துக்கு வழி பிறந்தது.

இவ்விடத்திலே உவார்க்லா மக்களை மறத்தல் ஆகாது. 1962 பெப்ரவரி 27இலே அவர்கள் வீதியிலிறங்கி, சகாராவை அல்ஜீரியாவினின்றும் பிரிக்கும் முயற்சிக்கு எதிராக ஆர்ப்பாட்டஞ் செய்தனர். எண்ணெய் வயலுக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர்கள், தமக்கெனத் தனியரசு வேண்டாது, வடக்கோடு ஒன்றாயிருக்கவே விரும்பினர். எண்ணெய் நாடுகளின் வரலாற்றிலே இது எளிதிற் காணக்கூடிய நிகழ்ச்சி அன்று. வளமுள்ள பகுதி பிரிந்து போக விரும்புவதே உலக வழக்கு. உவார்க்லாவின் இத்தெரிவுக்கு விடுதலை பெற்ற அரசு எத்தகைய கைம்மாறு செய்தது என்பதைப் பின்னர் காணலாம்.

1962 மார்ச் 18ஆம் திகதி எவியன் உடன்படிக்கையிலே அல்ஜீரியத் தரப்பிற் கையொப்பமிட்டவர் கிரிம் பெல்காசெம். கபிலியா மலைநாட்டிலே 1922இற் பிறந்த இவர், 1954க்கு முன்னரே ஆயுதமேந்தித் தலைமறைவானவர். முன்னணியைத் தொடக்கிய தலைவர் அறுவருள் ஒருவர். அவர் கையொப்பமிட்ட உடன்படிக்கை அல்ஜீரியாவுக்குச் சகாராவை மீட்டுக் கொடுத்தது. எனினும் பிரெஞ்சுக் கம்பனிகளின் அகழ்வுரிமைகள் அதன்படி தொடர்ந்தன. சகாராவின் அணுச்சோதனைத் தளங்களும் ஐந்தாண்டுகளுக்குப் பிரான்சிடம் விடப்பட்டன. மண் மீண்டது, மண்ணுக்குள் இருந்தது மீளவில்லை என்று அக்காலத் தீவிர தேசியவாதிகள் குறைபட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் மண்ணையே இழக்கும் அபாயம் இருந்த வேளையிலே அதை மீட்டதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் வரலாற்று நேர்மையாகாது.

பெல்காசெமின் பின்வரலாறு கசப்பானது. முதலில் பென் பெல்லாவோடும் பின்னர் பூமெதியனோடும் முரண்பட்டு அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 1969இலே அவர் இல்லாமலே விசாரணை நடத்தி மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1970 ஒக்டோபரிலே பிராங்பேர்ட் நகர ஹோட்டல் அறையொன்றிலே கொலையுண்டு கிடந்தார். 1984இலேதான் அரசு அவரது பெருமையை மீள ஏற்று, அவரது உடலைத் தாயகத்தின் தியாகிகள் மயானத்திலே அடக்கஞ் செய்தது. இன்று உவேத் இராரா விமான நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நாட்டின் வாயிலினூடாகத் திரும்பி வர அனுமதிக்கப்படாத ஒருவரின் பெயர், நாட்டின் செல்வம் கிடக்கும் இடத்து வாயிலுக்கு இடப்பட்டிருத்தலை அங்கு வந்திறங்குவோருள் எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பர்?

தேசிய எண்ணெய் நிறுவனமாகிய சொனாட்ராக் 1963 டிசம்பர் 31இலே நிறுவப்பட்டது. தொடக்கத்திலே குழாய்வழி அமைத்தலும் எண்ணெயைக் கொண்டு செல்லுதலுமே அதன் பணிகள். பூமெர்தெஸ் நகரிலே 1960களின் நடுப்பகுதியில் எண்ணெய்த் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் எழுந்தன. இவை விளம்பரமின்றி நடந்த வேலைகள். ஆயின் இவை இல்லாதிருந்தால் அடுத்து நிகழ்ந்தது நிகழ்ந்திராது. 1971 பெப்ரவரி 24இலே, தொழிலாளர் பொதுச் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாக் கூட்டத்திலே பேசிய பூமெதியன், பிரெஞ்சு எண்ணெய்க் கம்பனிகளின் 51 வீத உடைமையையும், இயற்கை வாயு வயல்களையும் குழாய்வழிகளையும் முற்றாகவும் அரசு பொறுப்பேற்பதாக அறிவித்தார். பிரெஞ்சுத் தரப்பு அல்ஜீரிய எண்ணெயைப் பிறர் வாங்காதிருக்கச் செய்ய முயன்றது. பிரெஞ்சு நிபுணர் பெருந்தொகையாக வெளியேறினர். அந்த மாதங்களிலே உவேத் இராராவின் ஓடுபாதை ஒரு விசித்திரமான காட்சியைக் கண்டிருத்தல் வேண்டும்: பதினைந்தாண்டுகளாக நிபுணரைக் கொண்டுவந்து இறக்கிய விமானங்கள் நிபுணரை ஏற்றிக்கொண்டு போயின. கிணறுகள் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். இளம் அல்ஜீரியப் பொறியியலாளரும் தொழிலாளரும் வயலை இயக்கினர். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1973இலே எண்ணெய் விலை உயர்ந்தபோது அதன் பயனை நாடு பெற்றது. பாடசாலைகள், மருத்துவமனைகள், உருக்காலைகள் என அப்பணம் செலவான வழிகளைக் குறைகூற இடமுண்டு. ஆனால் அது அல்ஜீரியாவிலே செலவானது.

தேசியமயமாக்கத்தின் சாதனையை இவ்வாறு ஏற்றுக்கொண்ட பின்னரே அதன் எல்லையைப் பற்றிப் பேசுதல் தகும். பொறியியலாளன் இப்போது அல்ஜீரியன். ஆயினும் அவனும் விமானத்திலேயே வந்தான். நான்கு வாரம் வேலை, நான்கு வாரம் ஓய்வு எனும் சுழல்முறை பரவலாக நிலைபெற்றது. வேலைத்தவணை முடிந்ததும் அவன் அல்ஜியேசுக்கோ ஓரானுக்கோ கொன்ஸ்தந்தீனுக்கோ பறந்து போய்க் குடும்பத்தோடு வாழ்ந்தான். தவணை தொடங்கும் நாளிலே திரும்பி வந்து, பேருந்திலேறித் தளத்தின் வேலிக்குள்ளே புகுந்தான். அவனது உழைப்பு பாலைவனத்துக்கு, வாழ்வு வடக்குக்கு. அவன் உண்ணும் உணவு, அணியும் உடை, பிள்ளைகளின் கல்வி எதுவும் உவார்க்லாக் கடைக்காரனோடும் ஆசிரியனோடும் அவனைத் தொடர்புபடுத்தவில்லை. பழைய கம்பனித் தளத்தின் அமைப்பு முறை அப்படியே இருந்தது. உள்ளே இருப்பவரே மாறினர். இது தனிமனிதரின் குற்றமன்று. பெண்டு பிள்ளைகளைப் பாலைவன வெயிலுக்குக் கொண்டுவர விரும்பாத தொழிலாளனை எவரும் பழிக்க முடியாது. விமானம் இருக்கும்வரை ஊர் ஒன்றைக் கட்டியெழுப்பும் அவசியம் எவருக்கும் இல்லாது போயிற்று என்பதே இங்கு குறிக்கத்தக்கது.

ஊர் என்பது இருந்தும் தானாகவே தோன்றிவிட்டது. வேலை தேடி வந்தோர் தளங்களின் வேலிகளுக்கு வெளியே குடிசைகளையும் வீடுகளையும் அமைத்துக்கொண்டனர். 1980களிலே அது தனி உள்ளூராட்சிப் பிரிவாக அமைந்தது. 1990களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அரசின் முதற் கவலை எண்ணெய் வயல்களின் பாதுகாப்பே. 1995இலே தெற்கின் எண்ணெய்ப் பகுதிகள் தடைவலயங்களாக்கப்பட்டன. சிறப்பு அனுமதிச்சீட்டு இல்லாதோர் உள்நுழைய முடியாதாயிற்று. தன் சொந்த நாட்டினுள்ளே ஓரிடத்துக்குச் செல்ல அல்ஜீரியனுக்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. வெளிநாட்டு நிபுணரோ தலைநகரைத் தொடாமலே, ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேரடியாக ஹாசி மெசவூத்துக்கு விமானத்திலே வந்திறங்கினர். வடக்கிலே கிராமங்கள் எரிந்த ஆண்டுகளில் தெற்கிலே எண்ணெய் தடையின்றி ஓடியது. 1950களில் பிரெஞ்சுக் கம்பனிகளுக்கு விமானத்தளம் ஆற்றிய அதே பணியை 1990களில் அது சுதந்திர அரசுக்கும் ஆற்றிற்று. 1998இலே எண்ணெய் வயல்களின் போக்குவரத்துக்கெனத் தசிலி எயர்லைன்ஸ் என்னும் தனி விமானசேவையும் தொடங்கப்பட்டது.

வேலிக்கு வெளியே இருந்தோரின் நிலைக்கு ஒரு நிகழ்ச்சி போதும். வெளிநாட்டுக் கம்பனிகளிலே துப்புரவாளராகவும் சமையற்காரராகவும் வேலை செய்யவென நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்து, எல் ஹைச்சா எனும் வறிய குடியிருப்பிலே தனித்து வாழ்ந்த பெண்கள், 2001 யூலை 13 இரவு பெருந்தொகையான ஆண்களாற் கொடூரமாகத் தாக்கப்பட்டனர். அன்றைய தொழுகையிலே அப்பெண்களைப் பழித்து நிகழ்ந்த பிரசங்கம் கும்பலைத் தூண்டிற்று. பின்னர் நடந்த வழக்கிலே தண்டனை பெற்றோரிற் பலர் நீதிமன்றுக்கு வராமலே தண்டிக்கப்பட்டோர். நாட்டின் வருமானம் முழுவதற்கும் காவல் போட்டிருந்த ஓரிடத்திலே, சில டசின் ஏழைப் பெண்களுக்குக் காவல் இருக்கவில்லை. தாக்கியோரும் வேலையற்ற வறியோரே என்று சமாதானம் கூறுவாருண்டு. வேலையின்மை ஒரு காரணமாகலாம், நியாயமாகாது.

காவல் போட்ட இடமும் என்றும் காவலாயிருக்கவில்லை. 2013 யனவரி 16இலே, தென்கிழக்கே இன் அமெனாசை அடுத்த திகன்தூரின் வாயு நிலையத்தை ஆயுதக்குழு ஒன்று தாக்கியபோது, முதலில் இலக்கானது விமான நிலையத்துக்குச் சென்றுகொண்டிருந்த பேருந்து. வேலிக்கும் விமானத்துக்கும் இடைப்பட்ட அச்சிறு தரைவழியே இத்தகைய பயணத்தின் பலவீனமான கண்ணி என்பதைத் தாக்கியோர் அறிந்திருந்தனர். நான்கு நாள் முற்றுகை முடிவில் ஏறத்தாழ 40 பணயக்கைதிகள் உயிரிழந்தனர். பத்துப் பேர் யப்பானியர்.

அதற்கு இரு மாதம் கழிந்து உவார்க்லாவிலே நிகழ்ந்தது உலகச் செய்திகளில் அவ்வளவு இடம்பெறவில்லை. மார்ச் 14இலே வேலையற்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் நகரச் சதுக்கத்திலே திரண்டனர். எண்ணெய்க் கம்பனிகளும் அவற்றுக்கு ஆள்சேர்க்கும் ஒப்பந்தக்காரரும் வடக்கிலிருந்து ஆட்களை விமானத்திற் கொண்டுவர, 85 கிலோமீற்றருக்குள் வாழும் தமக்கு வேலை இல்லை என்பதே அவர்களது முறையீடு. அவர்கள் பிரிவினைவாதிகள் என்று சிலர் குற்றஞ்சாட்டினர். தேசியக் கொடிகளை ஏந்தி நின்றே அவர்கள் அதற்கு விடை கூறினர். 1962 பெப்ரவரியிலே இதே நகரத்தவர் எதற்காக வீதியிலிறங்கினர் என்பதை அறிந்தோருக்கு அக்குற்றச்சாட்டின் அநீதி விளங்கும். தெற்கின் வேலைகளில் உள்ளூரவருக்கு முன்னுரிமை வழங்கவேண்டுமென அரசு அம்மாதமே பணிப்புரை விடுத்தது. அப்பணிப்புரை அவசியமாயிற்று என்பதே, தேசியமயமாக்கம் நிகழ்ந்து 42 ஆண்டுகள் கழிந்தும் வாயில் எப்பக்கம் திறந்திருந்தது என்பதற்குச் சான்று.

ஊரின் கதை இதற்குள் வேறொரு திருப்பத்தை அடைந்திருந்தது. கிணறுகளுக்கும் குழாய்வழிகளுக்கும் இடையே பல்லாயிரம் மக்கள் வாழ்தல் பேராபத்து எனக் கண்ட அரசு, 2005இலே ஹாசி மெசவூத்தைப் பெருவிபத்து அபாய வலயமாக அறிவித்து, புதிய கட்டடங்களைத் தடைசெய்தது. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலே உவேத் எல் மராவிலே புதுநகர் ஒன்று அமைத்து மக்களை அங்கு குடியமர்த்துதல் திட்டம். இடம்பெயர வேண்டியவர்கள் வேலிக்கு வெளியே தாமாகவே ஊரைக் கட்டியெழுப்பியோர். கிணறுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.